யாருக்குச் சலாம்?

(திருச்சியில் நடந்த சிறுவர் சிலம்பப் பயிற்சி முகாமின் நிறைவு நாளில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



என்னைப் பேசக் கூப்பிட வந்த தம்பி கையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார். 'பிள்ளைகளிடம் ஒழுக்கமும் மரியாதையும் வளர்க்கும் சிலம்பம்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். நல்ல தலைப்புதான். கராத்தே ஆகட்டும், சிலம்பம் ஆகட்டும், எந்த வகுப்பின் போர்டிலும் இந்த இரண்டு வார்த்தையும் இருக்கும். ஆனால் எனக்கு அதைப் பார்த்ததும் கொஞ்சம் உறுத்திச்சு. ஏன்னா இந்த ரெண்டு வார்த்தையாலதான் நம்ம ஜனங்களைத் தலைமுறை தலைமுறையா அடிச்சிருக்காங்க. 'சேரிப் பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் கிடையாது.' 'மரியாதை தெரியாத பயலுக.' பண்ணையார் சொல்லியிருக்கார், டீக்கடைக்காரர் சொல்லியிருக்கார், பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டிய வாத்தியாரும் சொல்லியிருக்கார். அதனால் இன்றைக்கு நான் பேசப்போறது இதுதான்: எந்த ஒழுக்கம்? யாருக்கு மரியாதை? இதுக்குப் பதில் தெரியாமல் பிள்ளைங்க கையில் கம்பைக் கொடுத்தால், நாமும் பழைய பாடத்தையே புதுசா நடத்திக்கிட்டிருப்போம்.

மரியாதை என்கிற வார்த்தைக்குச் சாதி இந்து ஊரில் என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள ஓர் ஆவணம் இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் கூடி ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் என்கிற ஆங்கில அதிகாரி அதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது. மறுவருசம் இந்தப் பட்டியல் பதினொன்றாக நீண்டது. அதில் பிள்ளைகளைப் பற்றியும் இருக்கு. ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரர்களின் மாடுகளை மட்டும் மேய்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலைக் கவனமாப் பாருங்க. நகையும் படிப்பும் நீங்கலா மிச்சம் எல்லாமே உடம்பைப் பற்றியது. தலைமுடி எப்படி இருக்கணும், தோள் எப்படி இருக்கணும், கால் எப்படி இருக்கணும். ஓர் உடம்பு குனிஞ்சே இருக்கணும் என்று ஊர் கூடித் தீர்மானம் போட்டிருக்கு. அந்தக் குனிவுக்கு அவங்க வச்ச பேர்தான் மரியாதை. நிமிர்ந்தா அது திமிர்.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்றேன்.

கொள்ளிடக்கரைப் பக்கம் எங்க ஊர். எங்கப்பா கம்பு வாத்தியார். வாழைத்தோட்டத்தில் கூலி வேலை, ராத்திரியில் கம்பு. மாரியம்மன் திருவிழாவில் அவர் கம்பு சுத்தும்போது நாலு பக்கமும் ஆள் நின்னு எலுமிச்சம்பழம் எறிவாங்க. ஒண்ணும் அவர் மேல படாது. தப்பு அடிக்கிறவங்க நிறுத்திட்டுப் பார்ப்பாங்க. எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும். அந்த ஊரில் எங்கப்பாவைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லைன்னு நினைச்சேன்.

ஆட்டம் முடிஞ்சதும் 'மரியாதை' செய்யக் கூப்பிட்டாங்க. ஊர்த்தெருவில் ஒரு திண்ணை. திண்ணை மேல ஊர்ப் பெரியவர். எங்கப்பா கம்பைக் கீழ வச்சார். தலையில் கட்டியிருந்த துண்டை அவுத்து இடுப்பில் கட்டினார். அவர் ஒரு வேட்டியும் அஞ்சு ரூபாயும் மேலேயிருந்து தரையில் போட்டார். எங்கப்பா குனிஞ்சு எடுத்துக் கண்ணில் ஒத்திக்கிட்டார். அந்தப் பெரியவரோட மகன் ராத்திரியில் எங்க களத்துக்கு வந்து எங்கப்பாகிட்டக் கம்பு கத்துக்கிட்டவன். காலையில் அவனே எங்கப்பாவை 'டேய்'னு கூப்பிடுவான்.

வீட்டுக்கு வந்து, "ஏம்ப்பா, கீழ போட்டதை எடுத்தே?"ன்னு கேட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. அம்மாதான் சொன்னாங்க: "எடுக்கலேன்னா அடுத்த வருசம் கம்பை எடுக்க விடமாட்டாங்கடா."

திறமை இருந்தா மரியாதை தன்னால வரும் என்று யாராவது சொன்னா எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகத்துக்கு வரும்.

இது எங்கப்பா ஒருத்தர் கதை மட்டும் இல்லை. கற்றுக்கொள்ளும் உரிமையே இல்லாதவன் தானே கற்றுக்கொண்டால் கட்டைவிரலைக் கேட்பார்கள் என்று ஏகலைவன் கதை நமக்குச் சொல்கிறது. விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு இந்திய அரசு 1985 முதல் கொடுத்துவரும் விருதுக்குத் துரோணாச்சாரியார் பேர். கட்டைவிரலைக் கேட்டவர் பேரில் விருது இருக்கு, கொடுத்தவன் பேரில் இந்திய அரசு அப்படி ஒரு விருது கொடுப்பதில்லை.

இந்தத் திருச்சிக்கும் ஆயுதத்துக்கும் நெருக்கமான வரலாறு உண்டு. 1801 ஜூனில் சின்னமருது கம்பெனி ஆட்சிக்கு எதிராக விட்ட அறிக்கையைத் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டினார்கள். நாலு வருணத்தாரையும் முசல்மான்களையும் பேர் சொல்லி அழைத்த அறிக்கை அது. வருணத்துக்கு வெளியே நின்றவன், 'எல்லோரும்' என்கிற பொதுச் சொல்லுக்குள் தன்னைத் தானே நுழைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கிளர்ச்சியை அடக்கிய கம்பெனி அரசு, அதே வருசம் டிசம்பரில் தென்சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. வீரக்கலைகள் அழிந்த கதையைச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் ரொம்பக் கண்ணீர் விடுவார்கள். நமக்கு இதில் ஒரு வித்தியாசம் இருக்கு. பாளையக்காரருக்கு 1801இல் வந்த தடை, நமக்கு வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. கம்பெனிப் படையில் சென்னை மாகாணத்தில் பறையர்களும் பம்பாய் மாகாணத்தில் மகர்களும் சிப்பாயாகச் சேர்ந்தார்கள். அவர்கள் யாருக்காகச் சண்டை போட்டார்கள் என்ற கேள்வி இருக்கட்டும். பட்டாளத்தில் சிப்பாய்க்கும் அவன் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் பட்டாளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அம்பேத்கர் 1891இல் பிறந்ததே மௌ இராணுவக் குடியிருப்பில்தான். அடுத்த ஆண்டே மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஆயுதம் பறிபோனதோடு பள்ளிக்கூடமும் சேர்ந்து பறிபோனது. இதை நம்ம பயிற்சியாளர்கள் மனசில் வச்சுக்கணும். கம்பு எடுக்க வந்த பிள்ளையைப் புத்தகத்துக்கும் கூட்டிட்டுப் போகணும்.

உலகத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. பிரேசில் நாட்டில் ஆப்பிரிக்க அடிமைகள் வளர்த்த கலை கப்போயிரா. பார்த்தால் நடனம் மாதிரி இருக்கும், உள்ளே சண்டை. 1888இல் அங்கே அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தார்கள். இரண்டே வருசத்தில், 1890 தண்டனைச் சட்டத்தில், கப்போயிரா ஆடுவதைக் குற்றமாக்கினார்கள். அடிமை விடுதலையாகலாம், ஆனால் விடுதலையானவன் உடம்பு நிமிரக்கூடாது. 1930களில்தான் மெஸ்த்ரே பிம்பா போன்ற ஆசான்கள் பகிரங்கமாகப் பள்ளி வைத்துச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. சட்டப் புத்தகம் எழுதினவனுக்கும் நம்ம ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தவனுக்கும் ஒரே பயம்தான்.

* * *

இந்த ஊருக்கே உரிய ஒரு கதைக்கு வருவோம்.

உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் கதை உங்களுக்குத் தெரியும். பாணர் குலம், தீண்டத்தகாதவர். காவிரிக்குத் தென்கரையில் நின்று அக்கரையில் இருக்கும் அரங்கனைப் பார்த்துப் பாடுவார். தீவுக்குள் கால் வைக்கக் கூடாது. கோயிலுக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்கிறார். பாட்டில் மூழ்கி இருந்தவருக்குக் காதில் விழவில்லை. கல்லெடுத்து எறிகிறார், நெற்றியில் இரத்தம். பிறகு கோயிலில் பெருமாள் நெற்றியிலும் இரத்தம் தெரிகிறது, அவரைத் தோளில் சுமந்து வா என்று முனிவருக்கே உத்தரவாகிறது. முனிவர் தூக்கிக்கொண்டு போகிறார். முனிவாகனர் என்று பேர் வருகிறது.

சின்ன வயசில் இதைக் கேட்டபோது எனக்குப் பெருமையா இருந்துச்சு. பார், நம்ம ஆளை முனிவரே தோளில் தூக்கியிருக்கார்! அவருடைய பக்தியைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. எனக்கு ரெண்டு கேள்வி மட்டும் உண்டு. நெற்றியில் கல் பட்டு இரத்தம் வந்த பிறகுதான் மரியாதை வரணுமா? அவர் ஏன் தன் சொந்தக் காலால் நடந்து போகக்கூடாது? தோளில் ஏற்றினால் கால் தரையில் படாது. தரை தீட்டுப்படாமல் இருக்கும். ஒருவரை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டு, உறையூரில் மிச்சம் இருந்த பாணர்களை என்ன செய்தார்கள்?

நம்ம பிள்ளைகளை யாரும் தோளில் தூக்க வேண்டாம். அவங்க கால் இருக்கு, நடந்து போவாங்க.

சிலம்பத்திலும் முதல் பாடம் கால்தான். ஊர்ப் பழைய வாத்தியார்கள் எடுத்த எடுப்பில் கம்பைக் கையில் கொடுக்க மாட்டார்கள். நாள்கணக்கில் காலடி மட்டும்தான். முன்னே வை, பின்னே வை, பக்கவாட்டில் வாங்கு, திரும்பு. பிள்ளைகளுக்குச் சலிச்சுப் போகும். "எப்ப மாஸ்டர் கம்பு தருவீங்க?"ன்னு நச்சரிப்பாங்க. ஆனால் நான் பார்த்திருக்கேன். வகுப்பில் கடைசி பெஞ்சில், கதவோரமா, கூப்பிட்டா எழுந்து நிக்கவே கூசுற பிள்ளை, காலடி பழகி ரெண்டு மாசத்தில் நேரா நின்னு பதில் சொல்லும். அதுக்கு யாரும் தன்னம்பிக்கைப் பாடம் நடத்தவில்லை. தான் நிக்கிற இடம் தன்னுடையது என்று அதன் காலுக்குத் தெரிஞ்சு போச்சு.

அடுத்தது கம்பின் அளவு. ஆளுக்கு ஆள் வேற. கம்பைத் தரையில் ஊன்றினால் அவரவர் புருவ மட்டத்துக்கு வரணும். அப்பா கம்பு மகனுக்கு ஆகாது, ஆசான் கம்பு மாணவனுக்கு ஆகாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியா நிறுத்தி அளந்து பார்த்துத்தான் கம்பு வெட்ட முடியும். நம்ம பிள்ளைகளைக் கும்பலா, 'எஸ்.சி. பசங்க' என்று ஒரே வார்த்தையில் கூப்பிட்டே பழகின பள்ளிக்கூடங்களில் எத்தனை பேர் இப்படி அளந்து பார்த்திருப்பாங்க?

மூணாவது, பொட்டு. பழைய முறையில் கம்பின் நுனியில் சாம்பலோ குங்குமமோ தடவிக்கொண்டு ஆடுவார்கள். எதிராளி உடம்பில் எத்தனை இடத்தில் அடையாளம் விழுந்தது என்று எண்ணுவார்கள். நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. யோசிச்சுப் பாருங்க. மண்டையைப் பிளக்கிற வேகத்தில் வர்ற கம்பு, நெற்றிக்கு ஒரு நூல் முன்னால் வேகத்தை அடக்கி, பொட்டை மட்டும் வச்சுட்டுத் திரும்பணும். உடைக்க யாராலும் முடியும். பொட்டு வைக்கத்தான் வருசக்கணக்கில் பழகணும். ஒழுக்கம் என்றால் எனக்கு இதுதான். உடைக்கிற பலம் கையில் இருக்கும்போது, எங்கே நிறுத்தணும் என்று தானே முடிவு பண்றது. பலமே இல்லாதவன் அடங்கி இருந்தா அதை ஒழுக்கம் என்று சொல்ல மாட்டேன், அவனுக்கு வேற வழி இல்லை.

இதையெல்லாம் தொடங்குகிற இடம் சலாம் வரிசை. தரையைத் தொட்டு, கம்பைத் தொட்டு, எதிரில் நிற்கிறவருக்கு வணக்கம். எதிரில் நிற்கிறவரும் அதே மாதிரி, அதே நேரத்தில், அதே அளவு குனிகிறார். இதைத்தான் எங்கப்பாவுக்கு அந்தத் திண்ணை கொடுக்கவில்லை. களத்தில் அவர் வணங்கினா எதிராளி திருப்பி வணங்கணும். திண்ணையில் அவர் மட்டும் குனியணும். ரெண்டுக்கும் பேர் மரியாதைதான். முதலாவதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். இரண்டாவதை மறக்கவைப்போம்.

* * *

ஆனால் தோழர்களே, கம்பைப் பிடித்துவிட்டாலே இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படி நம்பினால் ஏமாந்து போவோம்.

1986இல் மைக்கேல் ட்ரல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். முரட்டுத்தனம் அதிகம் என்று கண்டறியப்பட்ட பையன்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு டேக்வாண்டோவைப் பழைய முறைப்படி, தியானம், மரியாதை, தத்துவம் எல்லாம் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு அதே உதை, அதே குத்து, சண்டை நுணுக்கம் மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஓட்டமும் பந்து விளையாட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் முரட்டுத்தனம் குறைந்திருந்தது. இரண்டாவது குழுவில் முன்பைவிடக் கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான், சில பத்துப் பையன்கள்தான். ஆனால் வகுப்பு நடத்துகிற யாரும் இதை மறுக்க மாட்டோம். கை ஒன்றுதான், கம்பு ஒன்றுதான், கூடச் சொல்லிக்கொடுக்கிற மனுசத்தனம்தான் பிள்ளையை எந்தப் பக்கம் திருப்பும் என்று தீர்மானிக்குது.

அம்பேத்கர் 1938இல் மன்மாடில் நடந்த இளைஞர் மாநாட்டில் கல்வியையே வாளோடு ஒப்பிட்டுப் பேசினார். இருபக்கமும் கூர் உள்ள வாள், பிடிக்கிறவனிடம் சீலம் இல்லாவிட்டால் ஆபத்து என்றார். படிப்புக்கே அப்படி என்றால் கம்புக்கு எவ்வளவு சொல்லணும்?

சாதிச் சங்கங்களும் இன்றைக்குப் பிள்ளைகளைத் திரட்டுகின்றன. கையில் கலர் கயிறு கட்டிவிடுகின்றன. வீரப் பரம்பரை என்று காதில் ஓதுகின்றன. அந்த வீரம் எங்கே போய் முடிந்தது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைச் சீண்டியவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அவர் இதே ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு எதுவும் பள்ளிக்குள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அந்த அறிக்கை பரிந்துரைத்தது. வெட்டிய பிள்ளைகளுக்கும் யாரோ 'மரியாதை' சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தன் சாதிக்கு மற்றவன் தரவேண்டிய மரியாதையை.

நாம் அதற்குப் பதிலாக இன்னொரு கயிறு கட்டினால், கலர்தான் மாறும். 'நாங்களும் ஆண்ட பரம்பரை' என்று சொல்லிக்கொண்டு கம்பு எடுக்க வருகிற இளைஞர்களையும் நான் பார்க்கிறேன். தம்பி, ஆண்ட பரம்பரைதான் எங்கப்பாவுக்கு வேட்டியைத் தரையில் போட்டது. நமக்கு எதுக்கு அந்தப் பேர்?

இப்ப நான் என் தப்பைச் சொல்லணும். சொல்லாமல் போனால் இவ்வளவு நேரம் பேசினதுக்கு அர்த்தம் இல்லை.

ஆறேழு வருசம் முன்னாடி. ஏழாம் வகுப்புப் படிக்கிற பையன். நல்ல காலடி, நல்ல கண்ணு. தொடர்ந்து மூணு நாள் தாமதமா வந்தான். மூணாவது நாள் எனக்குக் கோபம் வந்து, எல்லாப் பிள்ளைகள் முன்னாடியும் பிரம்பால் முட்டிக்குக் கீழ ரெண்டு போட்டேன். 'ஒழுக்கம் வேணும்டா'ன்னு சொல்லிக்கிட்டே போட்டேன். அவன் அழல. தன் கம்பை, சலாம் வரிசையில் எப்படி வைக்கக் கத்துக்கொடுத்தேனோ அப்படியே, என் முன்னாடி தரையில் வச்சான். "மாஸ்டர், எங்கப்பாவைத் தோட்டத்துல அடிச்சப்ப நீங்க எல்லாரும் போயிக் கேட்டீங்க. நீங்க அடிச்சா யாருகிட்டப் போயிக் கேக்குறது?"ன்னான். போயிட்டான்.

பிறகுதான் தெரிஞ்சது, விடியக்காலம் அம்மாவோட ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கிட்டு வர்றான். அதனால்தான் தாமதம். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவங்கம்மா, "நீங்க வாத்தியாரு, அடிக்க உரிமை இருக்கு சார்"னு சொன்னாங்க. அது என்னை இன்னும் கொன்னுச்சு. பையன் உள்ளே இருந்து வரவே இல்லை. வகுப்புக்கும் திரும்ப வரல. இப்ப எங்கேயாவது பார்த்தா, "வணக்கம் மாஸ்டர்"னு சொல்வான். அந்த வணக்கம் எனக்குக் கூசுது.

அன்னைக்கு நான் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை அடிச்சு வர வைக்கிற மரியாதை, பண்ணையார் வாங்கின மரியாதையேதான். வாங்குறவன் சாதி மாறினதால் அது வேற ஆகிடாது.

* * *

தாய்மார்கள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "பிள்ளை கம்பைத் தூக்கிட்டுத் தெருவுல போனா, போலீசு ரவுடி லிஸ்ட்ல சேத்துருவாங்க சார்." இந்தப் பயம் நியாயமானது. ஊர்த்தெருப் பையன் கம்பு எடுத்தால் அது பாரம்பரியக் கலை, நம்ம பையன் எடுத்தால் கலவரத்துக்கு ஆயத்தம். அதனால் நாம் எதையும் மறைவில் செய்ய வேண்டாம். பகலில், மைதானத்தில், பெற்றோர் பார்க்க, வருகைப் பதிவேடு வைத்து, போட்டிகளில் முறையாகப் பதிவு செய்து நடத்துவோம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அந்தப் போட்டிகள் நடந்த நாலு ஊர்களில் திருச்சியும் ஒன்று. தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்ந்திருக்கிறது. எங்கப்பா காலத்தில் கம்புக்குக் கிடைச்சது தரையில் விழுந்த அஞ்சு ரூபாய். இன்றைக்குக் கையில் கொடுக்கிற சான்றிதழ். ஒரு சான்றிதழையும் தவற விடாதீங்க.

முகாமில் ஒரு பையன் என்னைக் கேட்டான்: "அவங்க அருவாளோட வந்தா நம்ம கம்பு என்ன செய்யும்?" நேர்மையாச் சொல்றேன் தம்பி, ராத்திரியில் வீடு புகுந்து வர்ற கும்பலைச் சிலம்பம் தடுத்திடும்னு நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அதைத் தடுக்கச் சட்டம் வேணும், அமைப்பு வேணும், 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வைக்கிற தைரியம் வேணும். கம்பு அந்தத் தைரியத்தைப் பழக்கும். எப்படின்னு கேட்டா, மகத்துக்குப் போ.

1927 மார்ச் 20. அம்பேத்கர் தலைமையில் மகத் ஊர் சவுதார் குளத்தில் நம் மக்கள் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். திரும்பும் வழியில் சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து அடித்தார்கள். அடிபட்டவர்களில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களும் உண்டு. திருப்பி அடிக்கத் தெரிந்தவர்கள். ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அம்பேத்கர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அமைதியாக இருக்கச் சொன்னார், வழக்குப் போட்டார். அடித்தவர்களில் சிலருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. குளத்து வழக்கு பத்து வருசம் நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பானது. அந்தக் காலத்தில்தான் சமதா சைனிக் தளமும் தொடங்கப்பட்டது. நம் கூட்டங்களுக்கும் மக்களுக்கும் காவலாக நிற்க, இளைஞர்களை அணிவகுக்கப் பழக்கிய படை. பலமும் இருந்தது, கட்டுப்பாடும் இருந்தது. மகத்தில் அடக்கி நின்ற அந்தக் கை, நெற்றிக்கு ஒரு நூல் முன்னால் நின்ற கம்பு.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் வடகரையில் ஒரு களரி இருக்கிறது. சாதியைக் காரணம் காட்டித் தன்னைக் களரியில் சேர்க்க மறுத்ததால், ராகவன் என்ற பள்ளி ஆசிரியர் 1949இல் சாதி பார்க்காத களரியைத் தானே தொடங்கினார். அங்கே ஏழு வயதில் பயிற்சிக்கு வந்தவர் மீனாட்சி அம்மா. பிறகு அவருக்கு மனைவியானார், அவருக்குப் பின் குருவானார். 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மறுக்கப்பட்ட ஒருவர் கதவைத் திறந்தபோது, அந்தக் கதவு வழியாக ஒரு பெண்ணும் வந்து ஆசான் ஆனார். நம்ம வகுப்பில் 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கம்பு' என்கிற அப்பாக்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். வயசுக்கு வந்ததும் பிள்ளையை நிறுத்திடாதீங்க. அப்பத்தான் அதுக்குக் காலடி அதிகம் தேவை.

முடிக்கிறேன். எங்க வகுப்பில் இப்போது சில விதிகள் வைத்திருக்கிறோம். இங்கே இருக்கிற மற்ற பயிற்சியாளர்களும் யோசிக்கலாம். ஆசான் காலில் யாரும் விழக்கூடாது. ஆசான் யாரையும் அடிக்கக் கூடாது. தாமதமா வந்தா முதலில் ஏன் என்று கேட்கணும். சாதிக் கயிறு, எந்தக் கலராக இருந்தாலும், களத்துக்கு வெளியே. எதிராளி கையிலிருந்து கம்பு விழுந்தால் அவர் எடுக்கும்வரை நிற்கணும். ஊர்த்தெருப் பிள்ளை கற்றுக்கொள்ள வந்தால் சேர்த்துக்கொள்ளணும், ஆனால் பகலில் வரணும், 'அண்ணா', 'அக்கா' என்று கூப்பிடணும். சண்டைக்குக் கம்பை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த மாதம் கம்பு கிடையாது, காலடி மட்டும்தான். ஒரு வரிசை கற்றவர் அடுத்த பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்கணும். எங்கப்பா ராத்திரியில் சொல்லிக்கொடுத்ததை நாம் பகலில் சொல்லிக்கொடுக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அது பெரிய வித்தியாசம்.

பிள்ளைகளே, எழுந்து நில்லுங்க. உங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கப் போறாங்க. யாரும் மேடைக்குக் கீழ நின்னு கையேந்தி வாங்க வேண்டாம். மேலே ஏறி வந்து, முகத்தைப் பார்த்து வாங்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை சலாம் வரிசை. பயிற்சியாளர்கள் எல்லாரும், நானும் சேர்த்து, இறங்கி உங்க எதிரில் வந்து நிக்கிறோம். நீங்க எவ்வளவு குனியிறீங்களோ அவ்வளவு நாங்களும் குனிவோம்.

கம்பை எடுங்க. ஜெய் பீம்.